டாக்டர் பெயர் எழுத வேண்டிய கட்டம்

குளச்சல்
11-6-2021, வெள்ளி

அன்பு மகள் ஜஸீனாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இந்த வீட்டில் மூன்று பேருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நாக்கில் ருசியும் மூக்கில் மணமும் குறையவில்லை. நேற்றுக் குழம்பில் உப்புக் கூடிப்போனதை நானும் ஃபாயிஸும் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டதில் உன் உம்மாவுக்குத்தான் வருத்தம். நீயும் அங்கே மங்களூரில் அப்படியே குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். மே மாதக் கடைசி மழையில் கடைக்குள் தண்ணீர் ஏறி அடித்தட்டில் இருந்த இருமல் மருந்துப் பெட்டிகள் ஊறிப்போயின, முன்பே மேலே தூக்கி வைத்திருக்கலாம், இவ்வளவு மழை வரும் என்று யார் கண்டது. ஃபாயிஸுக்குப் பிளஸ் டூ பரீட்சை கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது, "படிக்காம பாஸான ஆளு இந்தத் தெருவுல நான்தான் வாப்பா" என்று என்னிடமே வந்து சொல்கிறான். உம்மாவுக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை, காலையில் மாடியில் நடக்கச் சொன்னால் துணி காயப்போடுவதையும் நடை என்கிறாள். உன் ஷரீஃப் மாமா தம்மாமிலிருந்து வாரம் மூன்று முறை போன் செய்கிறார், "அவ இன்னும் அங்கதான் கெடக்காளா, அண்ணைக்கே நான் சொன்னேன்லா" என்பதுதான் ஒவ்வொரு முறையும் முதல் பேச்சு. உன்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பிய நாளிலிருந்து இதைச் சொல்லக் காத்திருந்த மனிதர், நாலு வருஷம் கழித்து வாய்ப்பு வந்திருக்கிறது, ஏன் விடுவார். நான் போனை உம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். வருகிற இருபத்தொன்றாம் தேதி உங்கள் கல்லூரியில் விசாரணை. உன்னோடு படிக்கிற ரீத்தா தின்ற மாத்திரைகள் எங்கிருந்து வந்தன என்று உன்னிடம் கேட்பார்கள். கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் வாங்கினோம் என்று நீயும் அஜிதாவும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதை நீ மாற்றிச் சொல்ல வேண்டும். அவை குளச்சலில் இருக்கும் என் வாப்பாவின் கடையிலிருந்து வந்தவை, அவரே கட்டி அனுப்பினார் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பு என் பெயர் வராமல் பார்த்துக்கொள் என்று உன்னிடம் போனில் சொன்னவனும் நான்தான், அதனாலேயே இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் என்றால் இங்கே உம்மா பக்கத்தில் நின்று அழுவாள், அங்கே நீ அழுவாய், நான் கோபத்தில் துண்டித்துவிடுவேன், காரியம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எழுத்தில் இருந்தால் நீ யாரிடம் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், விசாரணையில் கேட்டால் உனக்குத் தேதி தடுமாறாமல் இருக்கும். நோன்பு தொடங்கி ஒரு வாரம் ஆனபோது, ஏப்ரல் இருபதாம் தேதி வாக்கில், நீ போன் செய்தாய். கடைசி வருஷப் பிள்ளைகளைக் கோவிட் வார்டில் போட்டுவிட்டார்கள், காய்ச்சல் என்று சொன்னால் விடுதியின் நாலாவது மாடியில் தனியாக அடைத்துவிடுகிறார்கள், வார்டு நாள் குறைகிறது, நாள் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், அதனால் ஒருத்தியும் காய்ச்சல் என்று வாய் திறப்பதில்லை என்றாய். அறைக்கு அறை ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது, உன் அறையில் இருக்கும் அருமனைக்காரி அஜிதாவுக்கு அவள் அண்ணன் சத்து மாத்திரையாக அனுப்பித் தள்ளுகிறான், கீழ்மாடியில் ஒரு கூட்டம் தடுப்புக்கு என்று வாரம் ஒரு ஐவர்மெக்டின் போடுகிறது, வார்டில் நோயாளி வீட்டுக்குப் போன பிறகு மீந்த மாத்திரைகள் சீருடைப் பையில் ஏறி விடுதிக்கு வருகின்றன என்றெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாய். நாளைக்கு நர்ஸாக நிற்கப்போகிற பிள்ளைகள் இப்படிச் செய்யலாமா என்று நான் அப்போது கேட்கவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. மற்ற பிள்ளைகளுக்குக் கண்ட இடத்திலிருந்து வருகிறது, என் பிள்ளைக்கு பார்மசி படித்த தகப்பன் இருக்கிறான் என்று நினைத்தேன். மறுநாளே கட்டினேன். பாரசிட்டமால், அசித்ரோமைசின், ஐவர்மெக்டின், டெக்ஸா. நான்கையும் அட்டையிலிருந்து வெட்டி எடுத்து, கடையில் கொடுப்பது போலவே வெள்ளைக் காகித உறைகளில் போட்டு, மருந்தின் பெயர் எழுதாமல், காலைக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்பதற்கு 1-0-1 என்று மட்டும் பேனாவால் எழுதினேன். டெக்ஸா உறையின் மேல் மட்டும் "மூச்சு முட்டினால்" என்று எழுதினேன். முப்பது வருஷம் கை பழகிய வேலை, யோசிக்காமலே நடந்தது. டெக்ஸா ஸ்டீராய்டு என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆக்சிஜன் குறைந்தவனுக்கு அது உதவும், குறையாதவனுக்குத் தொடக்கத்திலேயே கொடுத்தால் கிருமியை எதிர்க்கும் சக்தியைத்தான் குறைக்கும், காய்ச்சலை மறைக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். இதில் ஒரு வரிகூட நான் உறையில் எழுதவில்லை.

அந்த உறைகளை நீங்கள் பயன்படுத்திய விதத்தை நீயே என்னிடம் பெருமையாகச் சொன்னாய். காலை ஏழு மணிக்கு வார்டன் சாப்பாட்டு அறை வாசலில் நின்று நெற்றியில் வெப்பமானி வைத்துப் பார்ப்பார், அதனால் ஆறு மணிக்கே பாரசிட்டமால் போட்டுவிடுவோம், ஏழு மணிக்கு நெற்றி குளிர்ந்திருக்கும் என்றாய். இது நர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் தோன்றும், வெளியே உள்ளவனுக்கு மாத்திரை வேலை செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. போதாததற்கு ஒரு நோட்டும் போட்டீர்கள். வார்டில் வைத்திருக்கும் மருந்து அட்டவணை போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெயர், மருந்து, அளவு, நேரம், கொடுத்தவர் கையெழுத்து, கடைசியில் மருந்து எழுதிய டாக்டர் என்று கட்டம் கட்டியிருந்தீர்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று ஐந்தையும் உரக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் மாத்திரை கைக்கு வருமாம், ரீத்தாவிடம் "ஏட்டி, பேரச் சொல்லு" என்று கேட்டு அவள் முழுப்பெயரையும் சொன்ன பிறகுதான் தண்ணீர் டம்ளரை நீட்டுவாயாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். டாக்டர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் வரிக்கு வரி "வாப்பா" என்று எழுதியிருந்தாய், கீழே சிரிக்கிற முகம் இரண்டு போட்டிருந்தாய். நான் சிரிக்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். எண்பத்தேழில் மருத்துவ நுழைவுத் தேர்வில் எனக்கு இடம் கைநழுவியதும், இன்னொரு வருஷம் எழுத விடாமல் என் வாப்பா என்னைப் பார்மசிக்கு அனுப்பியதும் உனக்குத் தெரியும், இந்த வீட்டில் அதைக் கேட்காதவர் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் டாக்டரே என்று கூப்பிட்டால் நான் இன்றுவரை திருத்தியதில்லை. உன் நோட்டில் அந்தக் கட்டத்தில் என்னைப் பார்த்தபோது அது எனக்கு வர வேண்டியது என்றே தோன்றியது. அதை எழுதிவைக்க வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

மே பதினேழாம் தேதி ரீத்தாவுக்குக் காய்ச்சல். கோவிட் தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருந்தாள். இரண்டாம் நாளே அவளுக்கு நீ டெக்ஸா கொடுத்தாய். மூச்சு முட்டினால் என்று எழுதியிருந்ததே என்று நான் பிறகு கேட்டதற்கு, வார்டில் எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே ஓடுகிறது வாப்பா, அதைப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்றாய். வார்டுக்கு வருகிறவர்கள் ஆக்சிஜன் குறைந்து வருகிறவர்கள், அதனால்தான் எல்லாருக்கும் ஓடுகிறது, இது உன் புத்தகத்திலேயே இருக்கும். சாயங்காலத்துக்குள் அவளுக்குக் காய்ச்சல் விட்டது, உடம்பு லேசாகிவிட்டது என்று ஐந்து நாள் வார்டுக்குப் போனாள், இருபத்துநாலாம் தேதி ஒரு நோயாளிக்குப் படுக்கை மாற்றிக்கொண்டிருந்தவள் அந்தப் படுக்கையின் மேலேயே சாய்ந்தாள். ஆக்சிஜன் எண்பத்துநாலு, சர்க்கரை நானூறுக்கு மேல். ஸ்டீராய்டு ஏதாவது எடுத்தாளா என்று டாக்டர் கேட்டதற்கு நீங்கள் இரண்டு பேரும் இல்லை என்றீர்கள், அவளும் தலையை ஆட்டினாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இரண்டு நாள் அவர்கள் திண்டாடியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் நீயாகப் போய், டெக்ஸா கொடுத்தோம், இத்தனை மாத்திரை, இத்தனை நாள் என்று டாக்டரிடம் சொன்னாய். அது நீ செய்த நல்ல காரியம், அதை நான் யாரிடமும் குறைத்துச் சொல்லமாட்டேன். இப்போது அவள் ஆக்சிஜன் இல்லாமல் இருக்கிறாள், இன்சுலினைக் குறைத்து வருகிறார்கள் என்று உம்மா மூலம் அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நீ சொல்லவில்லை. உங்கள் கல்லூரி முதல்வர் எழுதிக் கேட்டதும் எனக்குப் போன் செய்தாய். நான் உடனே சொன்னது என்ன என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் பெயர் எங்கேயும் வரக்கூடாது, பக்கத்தில் ஏதாவது கடையைச் சொல், நூறு பேர் வந்து போகிற கடை, யாருக்கு என்ன தெரியும் என்றேன். நீ எழுதிய விளக்கத்தை எனக்கு அனுப்பினாய், அதில் இருந்த ஆங்கிலத்தை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். பொய்யை நல்ல மொழியில் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு என் படிப்பு பயன்பட்டது.

இதற்கிடையில் ஜூன் இரண்டாம் தேதி ரீத்தாவின் அப்பா கபிரியேலைப் பார்க்க முட்டத்துக்குப் போனேன். ஊரடங்கில் போலீஸ்காரனிடம் மருந்துக்கடை அட்டையைக் காட்டித்தான் போக முடிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டுக்காரியிடம் காப்பி போடச் சொல்லிவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சாரே, ஒங்க மோளு மட்டும் டாக்டருகிட்ட போய்ச் சொல்லேன்னா எனக்க பிள்ள பொட்டியிலதான் வந்திருப்பா" என்றார். "அந்த கடைக்காரப் பாவி மட்டும் எனக்க கையில கிட்டட்டு, கடலுக்கு நடுவுல கொண்டு விட்டுட்டு வருவேன்" என்றும் சொன்னார். எதிர்க் கடைக்காரனைச் சொல்கிறார். நான் காப்பியைக் குடித்தேன். புறப்படும்போது ஒரு பனை ஓலைக் கடவம் நிறைய அயிலை மீனைத் தூக்கி வண்டியில் வைத்தார், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், "ஒண்ணும் சொல்லாண்டாம், இப்பம் கேறுன மீனாக்கும்" என்று விடவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லவில்லை. அன்று உம்மா பொரித்ததை நானும் தின்றேன்.

அதற்கு நாலு நாள் கழித்து நம் மாவட்டப் பார்மசிஸ்டுகளின் வாட்ஸாப் குழுவில் ஒருவர் என் பெயரைக் குறிப்பிட்டு, மைதீன் கனி சாருக்கு இதில் அனுபவம் உண்டு, அவரிடம் கேளுங்கள் என்று எழுதியிருந்தார். கேட்டிருந்த ஆள் சுதன். கொல்லங்கோட்டுக்காரர், முப்பது வயதிருக்கும், மங்களூரில் ஒரு கடையில் பார்மசிஸ்ட். எந்தக் கடை என்று நீ கேட்க வேண்டாம், உங்கள் வாசலுக்கு எதிரே இருக்கிற கடைதான். மருந்து ஆய்வாளர் வந்து விற்பனை ரசீதுகளை எடுத்துப் போய்விட்டார், டாக்டர் சீட்டு இல்லாமல் மாணவிகளுக்கு ஸ்டீராய்டு விற்றதாகப் புகார், பார்மசிஸ்ட் பதிவு போய்விடுமா என்று கேட்டிருந்தார். "அண்ணே, சத்தியமா நான் கொடுக்கல்ல, எவனும் நம்பமாட்டேங்கான். கொஞ்ச நாளு வீட்டுல இருன்னு மொதலாளி சொல்லிட்டாரு" என்று தனியாக எனக்குக் குரல் பதிவும் அனுப்பினார். ரசீதுகளின் நகலைத் தேதி வாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள், பதற வேண்டாம் என்று நானும் பெரிய மனிதனாகப் பதில் எழுதினேன். "ரொம்ப நன்றி அண்ணே, ஒங்கள மாதிரி ஒரு ஆளு சொன்னாத்தான் தெம்பா இருக்கு" என்று பதில் வந்தது.

எனக்கு இதில் என்ன அனுபவம் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். 2004இல் நான் தக்கலையில் சிவதாணு என்பவரின் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்தேன். நான் இல்லாத ஒரு நாளில் அவருடைய மைத்துனன் ஒரு பெண்ணுக்குச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை அட்டையோடு எடுத்துக் கொடுத்துவிட்டான். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது என் பதிவுச் சான்றிதழ், அதனால் பழியும் என் மேல்தான் வந்தது. யார் கொடுத்தது என்று சிவதாணுவுக்குத் தெரியும். அவர் ஆய்வாளர் முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒரு மூணு மாசம் வீட்டுல இரும் ஓய், எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மூன்று மாதம் முடிந்து போனபோது என் நாற்காலியில் வேறு ஆள் இருந்தான். பதினேழு வருஷமாக நான் அந்த மனிதரோடு பேசியதில்லை, அவர் மனைவி இறந்தபோது ஊரே போனது, நான் போகவில்லை. அவர் செய்ததை நினைக்காமல் நான் கடை திறந்த நாள் ஒன்றும் கிடையாது. சுதனுக்குப் பதில் எழுதி முடித்து போனைக் கீழே வைத்தபோது, சிவதாணு இருந்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன் என்பது விளங்கிவிட்டது. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே, மன்னிக்கவில்லை. அவர் செய்தது எனக்குத் தப்பாக இருந்தால் நான் செய்வதும் தப்புதான், அவ்வளவுதான் கணக்கு.

உம்மாவிடம் சொன்னேன். "ஊரான் ஒருத்தனுக்காக நம்ம பிள்ளைக்க படிப்பக் கெடுக்கப் போறியளா? அவன் ஆம்பள, வேற கடை பாத்துக்கிடுவான். ஷரீஃபு காக்காக்குத் தெரிஞ்சா நமக்க மொகத்த எங்க கொண்டு வைக்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை, தாய் அப்படித்தான் கேட்பாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் மேசையில் இருந்தது. புதன்கிழமை சுதனுக்குப் போன் செய்து அந்த மாத்திரைகள் என் கடையிலிருந்து போனவை என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அண்ணே, இத எழுத்துல தருவியளா?" என்று மட்டும் கேட்டார். நேற்று எழுதிவிட்டேன். உங்கள் முதல்வருக்கு ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று. என்ன மருந்து, எத்தனை, எந்தத் தேதியில் அனுப்பினேன், உறையில் என்ன எழுதினேன், விளக்கக் கடிதத்தில் பொய் எழுதச் சொன்னது யார் என்று எல்லாம் இருக்கிறது, கீழே பதிவு எண் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டதாக நீ சொன்னாய். நீ அனுப்பிய படம் என்னிடம் இருந்தது, அதையும் அச்செடுத்து முதல்வருக்கு வைத்திருக்கிறேன். அதில் கொடுத்தவர் கட்டத்தில் உன் கையெழுத்தும் இருக்கிறது என்பது தெரிந்தேதான் வைத்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் அதைச் சாக்காக வைத்து நிறுத்தியிருப்பேன். மூன்றையும் நேற்றுக் காலை பதினோரு மணிக்குப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே முட்டத்துக்குப் போனேன்.

கபிரியேல் வள்ளத்தின் இன்ஜினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் துணியைக் கீழே போடவில்லை, துடைத்துக்கொண்டே கேட்டார், "அப்பம் அண்ணைக்கு இங்க இருந்து காப்பி குடிச்சப்பளே இது ஒங்களுக்குத் தெரியும்?" தெரியும் என்றேன். "தெரிஞ்சிட்டாக்கும் மீனையும் வாங்கிட்டுப் போனீரு" என்றார். "ஒங்க" என்றவர் அதற்குள் "நீரு" என்பதற்கு வந்துவிட்டார். "நீரு என்ன டாக்டரா வேய்? எனக்க பிள்ளைக்கு மருந்து எழுத ஒமக்கு ஆரு சொன்னா?" என்றார். இல்லை, நான் டாக்டர் இல்லை என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்த வார்த்தையை முதல் முறையாக இன்னொரு ஆள் முன்னால் சொன்னேன். அவர் இன்னும் சில வார்த்தைகள் சொன்னார், அவை உனக்கு வேண்டாம், எனக்குச் சேர வேண்டியவை, சேர்ந்துவிட்டன. அவர் மனைவி மட்டும் படலை வரை வந்து, "அந்தப் பிள்ள ஜஸீனாவ ஏசாதீங்க. அவ ஊட்டுனாத்தான் ரீத்தாக்குக் கஞ்சி எறங்குது. எது எப்பிடிப் போனாலும் அத நிறுத்தாண்டாம்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன், நிறுத்தாதே.

இனி நீ செய்ய வேண்டியது. என் கடிதம் உங்கள் முதல்வர் கைக்குத் திங்கள் அல்லது செவ்வாய் போய்ச் சேரும், இதுவும் அப்போதே உனக்கு வரும். வந்த அன்றைக்கே அஜிதாவிடம் முழுவதையும் சொல், விசாரணையில் அந்தப் பிள்ளை திடீரென்று தனியாக நிற்கக்கூடாது. இருபத்தொன்று வரை காத்திருக்காமல் நீயே முதல்வரிடம் போய் விளக்கத்தை மாற்றி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வாப்பா சொல்லித்தான் பொய் எழுதினேன் என்று தாராளமாகச் சொல், அது உண்மை. ஆனால் இரண்டாம் நாளில் டெக்ஸா உறையைத் திறந்த கை உன்னுடையது, அதை என் மேல் போடாதே, போட்டாலும் நிற்காது. காய்ச்சல் என்று சொன்ன பிள்ளையை நாலாவது மாடியில் அடைத்துப் பரீட்சையையும் பிடுங்கும் விதி இருந்தால் பிள்ளைகள் மறைக்காமல் என்ன செய்வார்கள் என்பதையும் அங்கே சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளை வார்டில் நிறுத்தத் தெரிந்த கல்லூரிக்கு அவர்களுடைய காய்ச்சலைக் கேட்கத் தெரியவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அதை உன் தப்பைச் சொல்லி முடித்த பிறகு சொல், முன்னால் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள். டப்பாவில் மிச்சம் இருக்கும் உறைகளைத் தூக்கி எறியாமல் அப்படியே வார்டனிடம் ஒப்படைத்துவிடு. உனக்கு ஒரு வருஷம் போகலாம். அதற்கு மேல் போகாது என்று நம்புகிறேன், உறுதி சொல்ல என்னால் முடியாது. போனால் வீட்டுக்கு வா, வந்து இருந்துவிட்டு மறுபடியும் போய்ப் படி, ஷரீஃப் மாமாவுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. கடையைக் கொஞ்ச நாள் மூடச் சொல்வார்கள், எத்தனை நாள் என்று தெரியவில்லை. ஃபாயிஸிடமும் சொல்லிவிட்டேன், அவன் நடை கொஞ்சம் பழைய நடையாகிவிட்டது.

என் மேல் உனக்குக் கோபம் வரும். இரண்டு வாரத்துக்கு முன்பு ஒன்று சொல்லி இப்போது வேறொன்றை உன்னைக் கேட்காமலே செய்துவிட்ட தகப்பன் மேல் வராமல் எப்படி இருக்கும். வந்தால் அடக்கிவைக்காதே, எழுது. எண்பத்தேழில் நான் என் வாப்பாவிடம் கேட்காமல் உள்ளே வைத்துக்கொண்ட கோபம் இத்தனை வருஷம் என்னோடு இருக்கிறது, அதனால் எனக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. வார்டில் இரண்டு முகக்கவசம் போடு, மூக்குக்கு மேல் போடு. உம்மா நேற்று இரவிலிருந்து என்னோடு பேசுகிறாள், உனக்கு சலாம் சொல்லச் சொன்னாள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், இருபத்தொன்றாம் தேதி தடுமாறாத நாக்கையும் தரட்டும், ரீத்தாவைப் பழையபடி எழுப்பி நடத்தட்டும். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. இனி உனக்கோ உன் அறையில் எவளுக்கோ காய்ச்சல் வந்தால் முதலில் எனக்குப் போன் செய்யாதே. வார்டு டாக்டரிடம் போய் நில், அதுவரை எதைத் தின்றாய் என்பதை ஒன்றுவிடாமல் சொல், அவர் எழுதியதைச் சாப்பிடு. சாப்பிட்டுப் படுத்த பிறகு எனக்குச் சொல். உடனே வர எனக்கு வழியில்லை, ஆனால் நீ தூங்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மைதீன் கனி